போன்சாய் மரம் இலை உதிர்த்தால்: சிங்கப்பூர் வீடுகளில் எழும் கேள்விகள்

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்திலும் பால்கனியிலும் போன்சாய் வளர்ப்பவர்கள் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். போன்சாய் பற்றிய பெரும்பாலான வழிகாட்டிகள் ஜப்பானையும் ஐரோப்பாவையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் வரும் இலையுதிர் காலமும் உறைபனியும் நில நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே இருக்கும் இந்தத் தீவுக்குப் பொருந்தா.

இலைகள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. மரம் செத்துவிட்டதா?

உதிர்கிறது என்றால் பெரும்பாலும் சாகவில்லை என்றே பொருள். இலையை உதிர்ப்பது, மரம் உயிரோடு இருந்து செய்கிற வேலை. இலைக்காம்பின் அடியில் மெல்லிய உயிரணுக்களால் ஆன ஓர் அடுக்கு உண்டு. மரத்துக்கு நெருக்கடி வரும்போது இலையிலிருந்து வரும் ஆக்சின் என்ற ஹார்மோன் குறைந்து எத்திலீன் என்ற மற்றொரு ஹார்மோன் மேலோங்க, அந்த அடுக்கு தளர்ந்து இலையை விடுவிக்கிறது. கிளைக்கு உயிர் இல்லாவிட்டால் இது நடக்காது. ஆகவே, தொட்டதும் கையோடு வந்துவிடுகிற மஞ்சள் இலையைப் பார்த்து நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. பழுப்பாகிச் சருகாகி, இழுத்தாலும் வராமல் கிளையைப் பற்றிக்கொண்டு நிற்கும் இலையைப் பார்த்தால்தான் பயப்படுகிறேன். இலையை விடுவிக்கக்கூட அவகாசமின்றி அந்தக் கிளை செத்துப்போயிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

ஐயம் தீர வேண்டுமானால், கிளையின் நுனியில் ஓர் அரிசி அளவுக்கு மட்டும் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் சற்றுக் கீழே வந்து மறுபடியும் பாருங்கள். பச்சை தென்படும் இடம் வரைக்கும் மரம் உங்களுடையது. ஆனால் தினமும் சுரண்டிப் பார்க்க வேண்டாம். அப்படிச் செய்தே தண்டு முழுவதும் தழும்பாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எந்த இலை விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம் கவனிக்க வேண்டும். கிளையின் உட்பகுதியில் இருக்கும் பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகி ஒன்றிரண்டாக விழுந்தால், அது வழக்கமான மூப்பு. மரம் முழுவதும் பழைய இலையும் புது இலையும் சேர்ந்து மஞ்சளாகிக் கொட்டினால் வேரில் ஈரம் மிகுந்திருக்கலாம். பச்சை நிறம் மாறாமலே இலைகள் உதிர்ந்தால், திடீர் இட மாற்றத்தையோ ஒரு நாள் முழுதும் தண்ணீர் இல்லாமல் போனதையோ நினைத்துப் பாருங்கள். ஓரம் மட்டும் கருகியிருந்தால் வறட்சியோ அளவுக்கு மீறிய உரமோ காரணமாக இருக்கும்.

நர்சரியிலிருந்து நன்றாக இருந்த மரத்தைத்தான் வாங்கிவந்தேன். இரண்டு வாரத்தில் பாதி இலை போய்விட்டதே?

ஃபைக்கஸ் என்ற பெயரில் விற்கப்படும் இச்சி மரத்தைப் பற்றித்தான் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. நர்சரியில் அது திறந்த வெளியில், நாள் முழுதும் வெயில் வாங்கி வளர்ந்தது. அந்த வெளிச்சத்துக்கென உருவான இலைகள் உங்கள் தாழ்வாரத்தின் குறைந்த வெளிச்சத்தில் தமக்கு வேண்டிய உணவைக்கூடச் சம்பாதிப்பதில்லை. ஆகவே மரம் அவற்றை உதிர்த்துவிட்டு, புதிய இடத்துக்கேற்ற இலைகளை விடுகிறது. இது நோயன்று, குடிபெயர்ந்த அலுப்பு.

இந்த நேரத்தில் செய்யக்கூடாதவை மூன்று: இன்னும் நல்ல இடம் தேடி மறுபடியும் மாற்றுவது, உரம் போடுவது, தொட்டியை மாற்றுவது. இலை குறைந்த மரம் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும் என்பதால், ஊற்றும் அளவையும் குறைத்துக்கொள்ள வேண்டும். பல மரங்கள் இலை உதிர்ந்ததால் சாவதில்லை. இலை உதிர்ந்ததைக் கண்டு பதறிய நாம் அடுத்த ஒரு வாரத்தில் செய்த காரியங்களால்தான் செத்துப்போகின்றன.

இடத்தையும் மாற்றவில்லை, தண்ணீரையும் மாற்றவில்லை. ஆண்டுக் கடைசியில் மட்டும் இலை கொட்டுகிறது. ஏன்?

நீங்கள் எதையும் மாற்றவில்லை, ஆனால் சூரியன் மாறியிருக்கிறது. பருவமே இல்லாத ஊர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் சிங்கப்பூரில்கூட, உச்சி வேளைச் சூரியன் ஜூன் மாதம் நம் தலைக்கு மேலிருந்து ஏறக்குறைய 22 பாகை வடக்கே சாய்ந்தும், டிசம்பரில் ஏறக்குறைய 25 பாகை தெற்கே சாய்ந்தும் நிற்கிறது. திறந்த மைதானத்தில் இது பெரிய மாற்றமாகத் தெரியாது. மேலே கூரையும் ஒரு பக்கம் மட்டும் திறப்பும் உள்ள தாழ்வாரத்தில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஜூனில் தொட்டிமேல் விழுந்த நேர் வெயில், டிசம்பரில் ஒரு நிமிடம்கூட விழாது. போதாக்குறைக்கு அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை வானத்தை நாள்கணக்கில் மூடிவைக்கிறது.

வெயில் விழும் நேரத்தை மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் ஆகிய நான்கு மாதங்களிலும் ஒரு முறை குறித்து வைத்துக்கொண்டால், உங்கள் வீட்டுக்கே உரிய பருவ நாள்காட்டி ஒன்று கிடைத்துவிடும். அதைப் பார்த்துத் தொட்டியை முன்கூட்டியே மெல்ல நகர்த்தலாம்.

தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். இருந்தும் மரம் காய்கிறது. எப்படி?

என்னிடம் இருந்த வாட்டர் ஜாஸ்மின் மரம் ஒன்றுக்கு இப்படித்தான் ஆனது. காலையும் மாலையும் ஊற்றினேன். தொட்டியின் அடித்துளைகளிலிருந்து தண்ணீர் வழிந்ததையும் பார்த்தேன். ஆனாலும் இலைகள் சுருண்டு உதிர்ந்தன. கடைசியில் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. வெளியே இரண்டு விரல் கனத்துக்குப் புதிய கலவை, அதன் நடுவில் தேங்காய் அளவுக்குச் செம்மண் களிக்கட்டி. இறக்குமதி செய்யப்படும் மரங்களில் இது வழக்கம்: பயணத்தில் வேர் காயாமல் இருக்கக் களிமண்ணில் பொதிந்து அனுப்புவார்கள், இங்கே வந்த பிறகு அந்த உருண்டையைப் பிரிக்காமலே அழகான தொட்டியில் வைத்து, சுற்றிலும் கலவையை நிரப்பி விற்றுவிடுவார்கள். ஒருமுறை முழுதாகக் காய்ந்த களிமண் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. ஊற்றிய தண்ணீர் எளிதான வழியாக ஓரக் கலவையில் இறங்கி ஓடிவிடும். கத்தியால் அந்தக் கட்டியை இரண்டாகப் பிளந்தேன். உள்ளே செங்கல் தூள்போலப் பொடி பறந்தது. வேர்கள் எல்லாம் கட்டியின் மேற்பரப்பில் தலைமுடிபோலச் சுற்றிக்கொண்டிருந்தன, ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

இப்படிப்பட்ட மரத்தை உடனே காப்பாற்ற, ஒரு வாளித் தண்ணீரில் தொட்டியின் விளிம்பு மூழ்கும்படி வைத்து, காற்றுக் குமிழிகள் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். நிலையான தீர்வு, மரம் தெம்பாக இருக்கும் காலத்தில் களிமண்ணைச் சிறிது சிறிதாக நீக்கி, நீர் வடியும் கலவைக்கு மாற்றுவதுதான். ஒரே முறையில் முழுவதையும் கழுவி எடுக்க ஆசைப்பட வேண்டாம். ஒரு தடவை பாதி, அடுத்த தடவை மீதி என்று பிரித்துச் செய்வது நல்லது. 3 முதல் 6 மில்லிமீட்டர் பருமனுள்ள எரிமலைக்கல், பியூமிஸ் என்ற நுரைக்கல், அகடாமா என்ற ஜப்பானியக் களிமண் மணிகள் ஆகியவை விலை கூடியவை என்றாலும், அவற்றோடு இங்கே எங்கும் கிடைக்கிற சுட்ட மண்ணைச் சலித்துத் தூள் நீக்கிக் கலந்தால் செலவும் குறையும், வேருக்குக் காற்றும் கிடைக்கும்.

எப்போது ஊற்றுவது என்பதற்கு மணிக்கணக்கு உதவாது. காப்பிக்கடையில் கொடுக்கும் மரச் சாப்ஸ்டிக் ஒன்றைத் தொட்டியின் நடுவில் பாதியாழம் வரை செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். குச்சி ஈரமாக, நிறம் கறுத்து வந்தால் விட்டுவிடுங்கள். ஓரளவு உலர்ந்து வந்தால் அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்துவைத்தால் குளோரின் போய்விடும் என்ற அறிவுரையையும் இங்கே மறந்துவிடலாம். நம் குழாய் நீரில் கிருமி நீக்கச் சேர்ப்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின், அது அப்படி எளிதில் ஆவியாகாது. அந்த அளவு மரத்தைக் கெடுப்பதும் இல்லை. திறந்த வாளி கொசுவுக்குத்தான் உதவும்.

மழைக்காலத்தில் தொட்டி காயவே மாட்டேன் என்கிறது. வேர் அழுகிவிடுமா?

அழுகக்கூடும். தட்டையான தொட்டி சீக்கிரம் காயும் என்பது பாதி உண்மைதான். எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்த பிறகு அடிப்பாகத்தில் ஓர் ஈர அடுக்கு தேங்கி நிற்கும். ஒரே கலவையானால் அதன் உயரம் ஆழமான தொட்டியிலும் தட்டைத் தொட்டியிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே 5 சென்டிமீட்டர் உயரமே உள்ள போன்சாய்த் தொட்டியில் வேரின் பெரும்பகுதி அந்த ஈரத்திலேயே நிற்கிறது. தொடர்மழை நாள்களில் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் மரத்துண்டு ஒன்றை வைத்துச் சாய்த்துவிடுங்கள். தேங்கிய நீரில் பெரும்பகுதி தாழ்ந்த பக்கத்துத் துளை வழியாக இறங்கிவிடும். காசு செலவில்லாத இந்த வேலையைப் போலப் பலன் தருவது வேறொன்றும் இல்லை என்பது என் அனுபவம்.

அழுகல் தொடங்கிவிட்டால் மூக்கே சொல்லிவிடும். நலமான மண்ணில் மழை பெய்த தரையின் வாசம் இருக்கும், அழுகிய வேரில் சாக்கடை நாற்றம் இருக்கும். அத்தகைய வேர்கள் கறுத்து, இழுத்தால் தோல் உறைபோல உருவிக்கொண்டு வரும். அவற்றைச் சுத்தமான கத்தரியால் உறுதியான பகுதி தெரியும்வரை வெட்டி, புதிய கலவையில் நட்டு, மரம் ஆடாதபடி கம்பியால் தொட்டியோடு கட்டி, மழை படாத வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும். புதிய துளிர் நன்றாக விரியும்வரை உரம் வேண்டாம்.

சிலர் வேண்டுமென்றே எல்லா இலைகளையும் பறிக்கிறார்களே, நானும் செய்யலாமா?

வாட்டர் ஜாஸ்மின் வைத்திருப்பவர்கள் பூவுக்காக அப்படிச் செய்வார்கள். சீனர்கள் ‘சுவெய் மெய்’ என்று அழைக்கும் இந்த மரம் நம் ஊர் வெட்பாலையின் சொந்தக்காரன். இலைகளை முழுதும் நீக்கிய பின் வரும் புதுத் தளிரோடு நீண்ட காம்புகளில் வெள்ளைப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். மணம் தாழ்வாரம் முழுதும் பரவும். சீனப் புத்தாண்டுக்குப் பூக்க வைக்க நாள் எண்ணி இலை பறிப்பவர்களும் உண்டு. தெம்பான இச்சி மரத்திலும் இலையைச் சிறிதாக்க இதைச் செய்யலாம். ஆனால் இது ஆரோக்கியமான மரத்துக்கு மட்டும். ஏற்கெனவே இலை உதிர்ந்து நலிந்திருக்கும் மரத்தில் மிச்சமுள்ள இலைகளையும் பறிப்பது, பட்டினி கிடப்பவரை விரதம் இருக்கச் சொல்வதைப் போன்றது.

வரவேற்பறையில் ஏர்கான் அருகே வைத்தால் அழகாக இருக்கிறது. தவறா?

தவறுதான். திறந்த வெளியில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இருக்கும்போது, அறையின் நடுவில் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். நம் கண் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்வதால் அறை வெளிச்சமாகத் தெரிகிறது. இலைக்கு அப்படிச் சரிக்கட்டத் தெரியாது. விருந்தினர் வரும் அன்று உள்ளே கொண்டுவந்து, மறுநாளே வெளியே வைத்துவிடுங்கள்.

ஜூனிபர், ஜப்பானிய மேப்பிள் போன்றவை இங்கே வளருமா?

மேப்பிளுக்குக் குளிர்கால உறக்கம் தேவை. அது கிடைக்காத ஊரில் ஓரிரு ஆண்டுகள் சேமிப்பைத் தின்று வாழ்ந்துவிட்டு, பிறகு தளர்ந்துவிடும். ஊசியிலை மரமான ஜூனிபரின் தொல்லை வேறு மாதிரி. அதன் வேர் செத்த பிறகும் பல வாரங்கள் பச்சையாகவே தோன்றும். நிறம் மங்கத் தொடங்கியதை நீங்கள் கவனிக்கும்போது காலம் கடந்திருக்கும். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன உதிராத இலைக்கு இது சரியான எடுத்துக்காட்டு. முழு வெயில் படும் மாடித்தோட்டமோ தரைவீடோ உள்ளவர்கள் ஜூனிபரை முயலலாம். தாழ்வாரத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. இச்சி, வாட்டர் ஜாஸ்மின், காகிதப்பூ, புளி, சவுக்கு, தமிழ்நாட்டில் குரங்குவெற்றிலை எனப்படும் ஃபுக்கியன் டீ என்று வெப்பத்துக்கே பிறந்தவை இத்தனை இருக்கும்போது, குளிருக்கு ஏங்கும் மரத்தை வாங்கி வருந்துவானேன்?

பூச்சி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இலைகள் தூசு படிந்ததுபோல மங்கி, உற்றுப்பார்த்தால் ஊசி குத்திய புள்ளிகள் தெரிந்தால், ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அவை சிலந்திப் பேன்கள். மழை படாத தாழ்வாரங்களில் இவை செழிக்கும். மூன்று நாளுக்கு ஒரு முறை இலையின் அடிப்புறம் நனையும்படி நீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். இச்சி மரத்தின் இலைகள் நடுநரம்பில் மடிந்து, பிரித்தால் உள்ளே கறுத்த சிறு பூச்சிகள் ஓடினால் அது இலைப்பேன். மடிந்த இலைகளை மட்டும் கிள்ளி, பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

தண்டில் எறும்பு ஏறி இறங்கினால் எறும்பை விரட்டுவதோடு நிற்காதீர்கள். மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ சுரக்கும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு வருகிறது. அந்த நீர் படிந்த இலைகளில் பிறகு கரும்பூசணமும் வளரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும், அது கலக்கச் சில துளிப் பாத்திரச் சோப்பும் சேர்த்து, வெயில் தணிந்த பின் தெளிக்கலாம். வேப்பெண்ணெய்க்கு லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா கடைகளே போதும். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள், குறிப்பாக ஃபுக்கியன் டீயில்.

புதிய இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருக்கிறது. உரக் குறைவா?

பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. இரும்பை மரத்தால் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்கு அனுப்ப முடியாது, அதனால் குறை புதிய இலையில் தெரியும். மெக்னீசியத்தையும் நைட்ரஜனையும் அப்படி மாற்றி அனுப்ப முடியும் என்பதால், அவற்றின் குறை பழைய இலையில் தெரியும். இரும்பு மண்ணில் இருந்தாலும், நலிந்த வேரோ காரத்தன்மை மிகுந்த மண்ணோ அதை எடுக்கவிடாது. ஆகவே உரக்கடைக்கு ஓடும் முன் வேரைப் பாருங்கள். வேர் நன்றாக இருந்தால் செலேட் செய்யப்பட்ட (வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலான) இரும்பைக் குறைந்த அளவில் கொடுக்கலாம்.

புகைமூட்டம் மரத்தைப் பாதிக்குமா?

2013 ஜூனிலும் 2015 செப்டம்பர், அக்டோபரிலும் இருந்ததுபோல நாள்கணக்கில் நீடித்தால், வெளிச்சம் குறைந்தும் இலைமேல் துகள் படிந்தும் மரம் சற்றுச் சோர்வடையும். மாலையில் இலைகளை நீரால் கழுவிவிடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை; உங்கள் நுரையீரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாழ்வாரத்தில் வைப்பதற்கு விதிகள் உண்டா?

உண்டு. தீ விபத்து நேர்ந்தால் மக்கள் வெளியேற 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைப்பது, கீழே நடப்பவர் உயிரோடு விளையாடுவது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் வேரும் அழுகும், கொசுவும் வளரும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட ஒரு வாரம் போதும். இறுகிப்போன மண்ணின் மேல் தேங்கும் நீரிலும் அது முட்டையிடும் என்பதால், மேல்மண்ணைக் கிளறிவிடுவது டெங்கிக்கு எதிராகவும் வேருக்கு ஆதரவாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது.

பொங்கலுக்கு இரண்டு வாரம் ஊருக்குப் போகிறோம். என்ன செய்வது?

தொட்டிகளை ஒன்றாக நெருக்கி, காலை வெயில் மட்டும் படும் இடத்துக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். பருத்தித் திரியால் நீர் இழுக்கும் ஏற்பாடு சிறிய மரங்களுக்கு உதவும். நீர்க்கலத்தை இறுக மூடிவைக்க வேண்டும். ஆனாலும் ஒரு மனிதர் வந்து பார்ப்பதுபோல ஆகாது.

நான் ஒரு முறை தஞ்சாவூருக்குப் போனபோது, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடம் இச்சி மரத்தை ஒப்படைத்தேன். தினமும் தண்ணீர் என்று சைகையில் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது மரம் மொட்டையாக நின்றது, தொட்டியில் சேறு. மழை பெய்த நாள்களிலும் விடாமல் அவர் மூன்று வேளை ஊற்றியிருக்கிறார். உதிர்ந்த இலைகளை எறியாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் சேர்த்துவைத்திருந்து, தம் மேல் தவறில்லை என்பதுபோலவும் இருக்கிறது என்பதுபோலவும் என்னிடம் நீட்டினார். கிளையைச் சுரண்டினேன், பச்சை இருந்தது. அவர் கண்ணெதிரேயே தொட்டியைச் சாய்த்து வைத்தேன். ஐந்தாவது வாரம் முதல் துளிரை எனக்கு முன்னால் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டியவர் அவர்தான். இப்போதெல்லாம் ஊருக்குப் போகும்போது சாப்ஸ்டிக்கைத் தொட்டியிலேயே செருகிவிட்டுப் போகிறேன். அது ஈரமாக வந்தால் பாட்டி தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்தோடு திரும்பிப் போய்விடுவார்.